தில்லியில் ஒரு பல்கலைக்கழக நூலகமும் அதன் மூன்றாம் தளத்துத் தமிழ் அடுக்குகளும்

தில்லியில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் நிறைவடைகின்றன. இந்த நான்கு ஆண்டுகளில் விடுதி அறையில் இருந்ததைவிடப் பல்கலைக்கழகத்தின் மைய நூலகத்தில் இருந்த நேரமே அதிகம். சென்னை, மதுரை, கோவை, திருநெல்வேலி என்று பல ஊர்களிலிருந்து முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இங்கே வந்து சேரும் தம்பி தங்கையர், "அக்கா, லைப்ரரி எப்படி இருக்கும்? தமிழ்ப் புத்தகம் கிடைக்குமா?" என்று ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைக் காலத்தில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இந்த முறை விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. குறைகளையும் எழுத வேண்டியிருக்கிறது; அவற்றுக்கு இன்று அங்கே பணிபுரிபவர்களைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

அன்றாடச் சேவையில் குறை சொல்ல அதிகம் இல்லை. பையை வாசலில் ஒப்படைத்துவிட்டு, அடையாள அட்டையைக் காட்டி உள்ளே செல்லலாம். ஆய்வு மாணவர்கள் பத்து நூல்களை முப்பது நாட்களுக்கு இரவல் பெறலாம். வேறொருவர் முன்பதிவு செய்யாதவரை இணையம் வழியாகவே தவணையைப் புதுப்பித்துக்கொள்ளலாம். நூல்களில் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு ஒட்டப்பட்டிருப்பதால், ஐந்தாறு புத்தகங்களை ஒன்றாக அடுக்கி இயந்திரத்தின் மேல் வைத்தால் போதும், எல்லாம் ஒரே நேரத்தில் நம் கணக்கில் ஏறிவிடும். திருப்பித் தருவதற்கு வாசலுக்கு வெளியே உள்ள பெட்டி இரவிலும் திறந்திருக்கும்.

வாசிப்புக் கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் தில்லியின் ஜனவரியை எதிர்பார்த்து வருவதில்லை. பனிமூட்டம் கவிந்த நாட்களில் அந்த உயர்ந்த கூரையுள்ள கூடத்தில் விரல்கள் விறைத்துப் பேனாவைப் பிடிக்க வராது. முதலாம் ஆண்டில் நான் கையுறையோடு தட்டச்சு செய்ய முயன்று தோற்று, கடைசியில் விரல்நுனி திறந்த கையுறையைச் சரோஜினி நகர்ச் சந்தையில் வாங்கிக்கொண்டேன். தெற்குப் பக்கத்துச் சன்னலோர மேசைகளில் காலை பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை வெயில் விழுகிறது. அந்த எட்டு இருக்கைகளுக்காகவே பலர் கதவு திறக்கும் முன் வந்து நிற்கிறார்கள். மே மாதத்தில் இதே கூடம் குளிரூட்டியின் தயவால் வளாகத்திலேயே இதமான இடமாகிவிடுகிறது. தேர்வுக் காலங்களில் இரவு முழுவதும் திறந்து வைக்கிறார்கள். இரவு ஒரு மணிக்கும் வாசலில் காவலர் இருப்பதால் பெண்கள் அச்சமின்றி அமர்ந்து படிக்க முடிகிறது. இந்த ஒரு வசதிக்காகவே நிர்வாகத்துக்கு மனமார நன்றி சொல்வேன்.

மின்னிதழ்களைப் பொறுத்தவரை நிலைமை அண்மையில் வெகுவாக மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு கட்டுரை தேவைப்பட்டால், அந்த இதழுக்கு நம் நூலகம் சந்தா கட்டியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வேறு பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பர்களிடம் கேட்க வேண்டியிருந்தது. மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்ததும், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் திறந்துவிடப்பட்டன. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் இதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தில்லியில் இருக்கும் எனக்குக் கிடைக்கும் அதே கட்டுரை திருநெல்வேலியில் அரசுக் கல்லூரியில் படிக்கும் என் தோழிக்கும் கிடைக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஆங்கில இதழ்கள். தமிழில் ஆய்வு தேடுபவர்களுக்கு இன்றும் பெருந்துணையாக இருப்பது, குஜராத்தின் காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' ஆய்வேட்டுக் களஞ்சியமே. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி வகுத்தது. அதன் பயனாகத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ் ஆய்வேடுகள் ஏராளமாக அங்கே படிக்கக் கிடைக்கின்றன. நூலகத்தின் புதுமுக மாணவர் பயிற்சி வகுப்பில் இதை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் அதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள்.

குறிப்புதவிப் பிரிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். என் ஆய்வு, 1920 முதல் 1940 வரை தமிழ் இதழ்களில் பெண்கல்வி குறித்து நடந்த விவாதங்களைப் பற்றியது. அதற்குத் தேவையான ஒரு பழைய தொகுப்பு தில்லியில் எங்கும் கிடைக்கவில்லை. குறிப்புதவி மேசையில் இருந்த அம்மையார் நான் சொன்ன விவரங்களைக் குறித்துக்கொண்டு, டெல்நெட் வழியாக வேண்டுகோள் அனுப்பினார். 1988-இல் தில்லி நூலகங்களை இணைக்கத் தொடங்கப்பட்டு, இன்று நாடெங்கும் உறுப்பு நூலகங்களைக் கொண்டிருக்கும் வலையமைப்பு அது. பதினேழாம் நாள் கூரியரில் ஒரு பழுப்பு உறை வந்தது. தென்னகத்துக் கல்லூரி ஒன்றின் முத்திரை, ஓரம் சிதைந்த அட்டை, பக்கங்களுக்கிடையே யாரோ அடையாளமாக வைத்துவிட்டுப்போன பேருந்துச் சீட்டு என்று அந்தப் புத்தகம் என் கையில் இருந்தபோது, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒருவர் நமக்காக அலமாரியில் தேடி எடுத்திருக்கிறாரே என்ற நெகிழ்ச்சியில் சற்று நேரம் படிக்காமலே உட்கார்ந்திருந்தேன். இப்படி வரவழைத்த நூலை வெளியே கொண்டுபோக முடியாது, நூலகத்திலேயே அமர்ந்துதான் படிக்க வேண்டும். பதினைந்து நாள் தவணை. இந்தச் சேவையைப் பயன்படுத்தும் மாணவர்கள் மிகக் குறைவு என்று அந்த அம்மையார் வருத்தத்தோடு சொன்னார்.

நகலெடுக்கும் கடை தரைத்தளத்தில் இருக்கிறது. பாடத்துக்குத் தேவையான பகுதிகளை நகலெடுப்பது சட்டப்படி சரியா என்று தயங்குபவர்கள், தில்லி உயர் நீதிமன்றம் 2016-இல் அளித்த தீர்ப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த நகலகம் ஒன்றின் மீது மூன்று பெரிய பதிப்பகங்கள் 2012-இல் தொடுத்த வழக்கில், கல்வி கற்பிக்கும் நோக்கத்துக்காகத் தொகுக்கப்படும் நகல்கள் பதிப்புரிமைச் சட்டத்தின் விதிவிலக்குக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. எங்கள் நூலகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககால நூல்களை நகலெடுக்க அனுமதிப்பதில்லை, தாள் நொறுங்கிவிடும் என்பதே காரணம். கைப்பேசியில் ஒளிப்படம் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறார்கள்.

இனித் தமிழ் நூல்களுக்கு வருகிறேன். மூன்றாம் தளத்தின் வடகிழக்கு மூலையில், நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் தூவி (Dewey) தசம வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்துக்கு உரிய 894.811 என்ற எண்ணின் கீழ், இருபக்கமும் நூல்கள் நிறைந்த ஏழு அடுக்குகள் இருக்கின்றன. மொழியியலுக்கு உரிய 494.811 தனியே இரண்டாம் தளத்தில் இருக்கிறது. தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் நாவலும் சிறுகதையும் தேடிப் பழகியவர்களுக்கு இந்தத் தொகுப்பு வேறு வகையாகத் தோன்றும். சங்க இலக்கியப் பதிப்புகள், உரைகள், இலக்கண நூல்கள், கல்வெட்டுத் தொகுதிகள், 1950களிலும் 1960களிலும் வெளிவந்த ஆராய்ச்சி நூல்கள் ஆகியவற்றில் இது மிகச் செழிப்பானது. யாரோ ஒரு பேராசிரியர் அந்தக் காலத்தில் அமர்ந்து அக்கறையோடு தேர்ந்தெடுத்து வாங்கியிருக்கிறார் என்பது அடுக்கைப் பார்த்தாலே தெரிகிறது. 1990களுக்குப் பிறகு அந்த அக்கறை மெலிந்துவிட்டது. தலித் இலக்கியம், பெண்ணியக் கவிதை, அண்மைக்கால நாவல்கள் ஆகியவை அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இருக்கின்றன. வாங்கப் பரிந்துரைக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் ஏறத்தாழ ஆறு மாதத்தில் நூல் வந்துவிடுகிறது. நான் பரிந்துரைத்த ஒன்பதில் ஏழு வந்துவிட்டன. ஆகவே பணம் இல்லை என்பது காரணமாகத் தெரியவில்லை, கேட்பதற்கு ஆள் இல்லாமல் போயிருக்கிறது.

ஒருநாள் நான் எடுத்த உரைநூலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தவணைச் சீட்டைப் பார்த்தேன். ஊதா மையில் வரிசையாகத் தேதி முத்திரைகள்: 1968-இல் நான்கு, 1971-இல் இரண்டு, பிறகு ஒன்றிரண்டு, கடைசி முத்திரை 1987 மார்ச் 9. அதற்குப் பிறகு நான் எடுக்கும்வரை அந்த நூலை யாரும் இரவல் பெற்றதாகத் தெரியவில்லை. அந்த நல்ல நூல் வாசகர் இல்லாமல் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நின்றிருக்கிறது. தில்லியில் தமிழ் படிப்பவர்கள் இல்லாமலில்லை. இந்த வளாகத்திலேயே நாற்பது ஐம்பது பேராவது இருக்கிறோம். பிறகு ஏன் இப்படி என்று யோசித்தபோதுதான் நூற்பட்டியலின் பக்கம் என் கவனம் திரும்பியது.

நூலகத்தின் இணையவழிப் பட்டியல் கோஹா என்ற கட்டற்ற மென்பொருளில் இயங்குகிறது. அதில் தமிழ் எழுத்தில் 'சிலப்பதிகாரம்' என்று தட்டச்சு செய்து தேடினால், பொருத்தமான நூல் எதுவும் இல்லை என்று விடை வரும். ஆங்கில எழுத்தில், நாம் வழக்கமாக எழுதுவது போல எஸ் எழுத்தில் தொடங்கித் தேடினால் இரண்டு நூல்கள் வருகின்றன, இரண்டும் ஆங்கில மொழிபெயர்ப்புகள். ஆனால் அடுக்கில் நேரில் போய் எண்ணினால் மூலமும் உரையும் ஆராய்ச்சியுமாகப் பதினான்கு நூல்கள் இருக்கின்றன. இவை பட்டியலில் விடுபட்டுப்போகவில்லை. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பின்பற்றும் ரோமன் எழுத்துப்பெயர்ப்பு முறையில் பதிவாகியிருக்கின்றன. அந்த முறையில் சகரத்துக்கு எப்போதும் ஆங்கில அகரவரிசையின் மூன்றாம் எழுத்து. தகரத்துக்கு டி (t) மட்டும், எச் கிடையாது. ககரம் எங்கே வந்தாலும் கே, ஜி கிடையாது. ழகரத்துக்கு அடிக்கோடிட்ட எல். எழுத்துக்கு எழுத்து மாறாத இந்த முறை அறிஞர்களுக்கு மிகவும் பயனுள்ளது, அதை நான் குறை சொல்லவில்லை. அந்த நிறுவனம் 1960களிலிருந்தே தன் தில்லி அலுவலகத்தின் வழியாகத் தமிழ் நூல்களை வாங்கிப் பட்டியலிட்டு வருவதால், ஆயத்தமாகக் கிடைக்கும் அந்தப் பதிவுகளை இந்திய நூலகங்கள் அப்படியே நகலெடுத்துக்கொள்வதும் இயல்பே. ஆனால் பதினெட்டு வயதில் முதன்முறையாக நூலகத்துக்கு வரும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இந்த முறை எப்படித் தெரியும்? தேடிப் பார்த்துவிட்டு, "இங்கே ஒன்றும் இல்லை அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. இப்படிச் சொன்ன மூவரை நானே மூன்றாம் தளத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றிருக்கிறேன்.

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது மூன்றாவது விதி. விடுதலைக்குப் பிறகு சில ஆண்டுகள் அவர் இதே தில்லியில், தில்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்து நூலகவியலை வளர்த்தார். எங்கள் நூலகத்தின் நுழைவுக் கூடத்தில் அவருடைய படம் மாட்டப்பட்டிருக்கிறது. நூலகர் நாளான ஆகஸ்ட் 12 அன்று மாலை அணிவிக்கிறார்கள். அந்தப் படத்துக்கு நேர் எதிரே இருக்கும் கணினியில் தமிழ் எழுத்தில் தேடினால் தமிழ் நூல் கிடைக்காது என்பது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது. தீர்வு கடினமானதல்ல. நூற்பதிவுகளுக்கான மார்க் 21 வடிவத்திலேயே மூல எழுத்தில் தலைப்பைத் தருவதற்கென்று 880 என்ற புலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கோஹாவும் ஒருங்குறியில் இயங்குவதால் தமிழை ஏற்றுக்கொள்கிறது. ரோமன் பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குத் துணையாகத் தமிழ்த் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் உள்ளிட்டால் போதும். உள்ளிடத் தமிழ் தெரிந்த ஆள்தான் பணியிடத்தில் இல்லை.

இப்படிப்பட்ட நிலையிலும் அந்த ஏழு அடுக்குகள் குலையாமல் இருப்பதற்கு ஒரே காரணம், மூன்றாம் தளத்தைக் கவனித்துக்கொள்ளும் கடைநிலை ஊழியர் ஒருவர். உத்தராகண்டின் கட்வாலைச் சேர்ந்தவர், ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன, தமிழ் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. நூலின் முதுகில் ஒட்டிய எண்ணை மட்டும் பார்த்து, தசமப் புள்ளிக்குப் பின் ஆறாம் இலக்கம் வரை பிசகாமல் அடுக்குகிறார். சீட்டு உரிந்துபோன நூல்களை என்னிடம் கொண்டுவந்து, "பேட்டி (மகளே), இது எதைப் பற்றியது?" என்று கேட்டு, கவிதையா உரைநடையா என்று தெரிந்துகொண்டு, பென்சிலால் உள்அட்டையில் குறித்துவைப்பார். எனக்கு அந்தப் புத்தகங்களில் உள்ள உரிமைக்குச் சற்றும் குறையாத உரிமை அவருக்கும் உண்டு.

பருவ இதழ்ப் பிரிவைப் பற்றி ஒரு மனக்குறை உண்டு. பழைய தமிழ் இதழ்களை ஆண்டுவாரியாகக் கட்டடம் (பைண்டிங்) செய்தபோது, மேலட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்து அகற்றியிருக்கிறார்கள். தாளின் கனத்தைக் குறைக்கவும் கட்டடச் செலவைச் சுருக்கவும் நூலகங்கள் பலவற்றில் அக்காலத்தில் அப்படிச் செய்தார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அந்த விளம்பரங்களே பெரிய சான்று. 1930களில் ஒரு பெண்கள் பள்ளி தன்னை எப்படி அறிவித்துக்கொண்டது, எந்தப் புத்தகத்தைப் பெண்களுக்கு என்று விற்றார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருந்தன. அந்தப் பக்கங்களுக்காக இரண்டு முறை சென்னைக்குச் சென்று ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அமர்ந்தேன். இழந்ததை மீட்க முடியாது. இனிக் கட்டடத்துக்கு அனுப்பும் இதழ்களிலாவது முழுமையாக விட்டுவைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கான பிரிவு தரைத்தளத்தில் இருக்கிறது. திரைவாசிப்பான் பொருத்திய கணினிகளும், நூல்களை வருடி ஒலிவடிவாக மாற்றித் தரும் வசதியும் உண்டு. பார்வைக் குறைபாடுள்ளோருக்கு நூல்களை எட்டச் செய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2012-இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, இப்படி மாற்றித் தருவதற்குப் பதிப்பாளரின் அனுமதியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆங்கிலமும் இந்தியும் இரண்டு நாளில் கிடைக்கின்றன. தமிழ் நூலைக் கொடுத்தால், அச்செழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரி தரும் பிழைகளைத் திருத்த ஆளில்லாமல் வாரக்கணக்கில் ஆகிறது. பழைய அச்சில் ணை, லை, னை போன்றவற்றுக்கு இருந்த கொம்பு எழுத்துகளில் எழுத்துணரி மிகவும் தடுமாறுகிறது. என் வகுப்புத் தோழர் ஒருவருக்காக அத்தகைய நூறு பக்கங்களை நான் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை மேற்கோள் மேலாண்மை, கருத்துத்திருட்டுச் சோதனை போன்ற பயிற்சி வகுப்புகள். ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்ற மானியக் குழுவின் 2018 விதிமுறையை எடுத்துக்காட்டுகளோடு தெளிவாக விளக்கும் வகுப்பைத் தவறவிடாதீர்கள். ஆனால் என் மனதில் நிற்பது பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று நடந்த எளிய நிகழ்ச்சி. நுழைவுக் கூடத்தில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மேசை போட்டு, அந்தந்த அடுக்கிலிருந்து முப்பது நூல்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். தமிழ் மேசைக்கு நூல் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எங்கள் மூவருக்குக் கிடைத்தது. உரையில்லை, மேடையில்லை, ஒருநாள் முழுவதும் நூல்கள் கண்ணில் படும்படி இருந்தன, அவ்வளவுதான். மாலைக்குள் பதினொரு தமிழ் நூல்கள் இரவல் போய்விட்டன. 1987-க்குப் பின் என்னைத் தவிர யாரும் தொடாத அந்த உரைநூலும் அவற்றில் ஒன்று. தூத்துக்குடியிலிருந்து வந்த முதலாண்டு வேதியியல் மாணவி எடுத்துச் சென்றாள்.

அன்று துணை நூலகரும் அந்த மேசையருகே நெடுநேரம் நின்றார். அடுத்த வாரமே நாங்கள் கொடுத்த விண்ணப்பத்தை ஏற்று, சனிக்கிழமைகளில் அலுவலர் ஒருவரின் மேற்பார்வையில் தமிழ்த் தலைப்புகளை உள்ளிட அனுமதி அளித்தார். தலைப்புப் பக்கத்தைப் பார்த்து ஒருவர் வாசிக்க, மற்றவர் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய, அலுவலர் சரிபார்த்துச் சேமிக்கிறார். இதுவரை இரண்டரை அடுக்குகள் முடிந்திருக்கின்றன. எஞ்சியவை முடியும்வரை தமிழ் நூல் தேடுபவர்கள் தலைப்பைத் தட்டச்சு செய்து ஏமாற வேண்டாம். பட்டியலின் விரிவான தேடலில் அழைப்பெண் (நூலின் முதுகில் ஒட்டிய எண்) என்ற கட்டத்தைத் தேர்ந்து 894.811 என்று உள்ளிட்டால், எழுத்துப்பெயர்ப்பு எப்படி இருந்தாலும் தமிழ் இலக்கிய நூல்கள் அனைத்தும் வரிசையாக வரும். வெளியிலிருந்து வரும் வாசகர்கள் தங்கள் நிறுவனத்தின் அறிமுகக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் காட்டி ஒரு வாரத்துக்குப் பார்வையாளர் சீட்டு பெறலாம். மின்தூக்கி இரண்டாம் தளம் வரைதான் செல்கிறது. அங்கே இறங்கி, பருவ இதழ்ப் பிரிவைக் கடந்து, வலப்பக்கப் படிக்கட்டில் ஏற வேண்டும்.